ஃபிலோமினா டீச்சரும் ஒற்றைக் கம்மலும்

மந்தைவெளி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஃபிலோமினாவின் தம்பி மனைவி பேசினார். "அண்ணி காலையில எழுந்திருக்கவே இல்லை" என்றார். பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் அவரை வெள்ளைச் சேலை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். நகத்தைச் சுற்றி மட்டும் கிரீஸ் கறுப்பாக இருந்தது. அந்த வாரமும் தன் பழைய காரில் ஏதோ வேலை பார்த்திருக்கிறார்.

அவரிடம் வேதியியல் படித்தவர்களும், என்னைப் போல அவரோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். "'தெரியலை மிஸ்'னு சொல்ற பொண்ணுக்குப் பாதி மார்க் உண்டு, தெரிஞ்ச மாதிரி நடிக்கிறவளுக்கு ஒண்ணும் கிடையாது" என்று அவர் சொல்வது எல்லோருக்கும் நினைவிருக்கும். அஞ்சலிக் கூட்டத்தில் அதைப் பலர் சொன்னார்கள். கம்மல் விஷயத்தை ஒருவரும் சொல்லவில்லை. அவரே மேடையேறிச் சொன்னதை நாம் மறைப்பது சரியல்ல என்பதால் எழுதுகிறேன்.

அப்பா வைத்திருந்த பழைய ஃபியட் காரை ஃபிலோமினா ஓய்வு பெற்ற பிறகும் தானே ஓட்டினார். ஒரு மழையில் தெருவில் வெள்ளம் நின்று, வண்டிக்குள் ஸீட் வரை தண்ணீர் ஏறிவிட்டது. வடிந்த பிறகு பார்த்தால் தரைத் தகடு அரித்து, கீழே தெரு தெரிந்தது. ஸீட்டுகளைக் கழற்றி வெளியே எடுக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றேன். கழற்றுவதைத் தானே செய்துவிட்டு, தகடு ஒட்ட மட்டும் ஆளைக் கூப்பிடுவதாகச் சொன்னார். டார்ச் பிடிக்க நான் போனேன்.

பின் ஸீட் மெத்தை தூக்கியதும் கையோடு வந்துவிட்டது. முன் ஸீட்தான் அசையவில்லை. அது முன்னும் பின்னும் நகர்கிற இரும்புத் தடத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அப்பா காலத்திலிருந்து யாரும் அதைக் கழற்றியதில்லை. சில நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். "அவசரப்பட்டா போல்ட் தலை தேயும், கோவப்பட்டா நம்ம கை தேயும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரைத் திருப்பினார். கடைசி போல்ட் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஸீட்டைப் போர்ட்டிகோவில் இறக்கி வைத்தோம். பிறகு தடத்தில் கெட்டியாகிக் கிடந்த கிரீஸை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். கட்டியாக ஏதோ விழுந்தது. துடைத்துப் பார்த்தால் வெள்ளைக்கல் கம்மல், ஒற்றை.

"அம்மாவோடதா? கெடைச்சுடுச்சே ஃபிலோ" என்று சிரித்தேன்.

"சிரிக்காத, லலிதா."

இறக்கி வைத்த ஸீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் டாக்டரிடம் போய்வந்த ஒரு நாள், காதில் ஒரு கம்மல் இல்லை. வீட்டில் வேலை செய்த ராஜாத்திதான் அம்மாவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றி இறக்கியவர். அம்மா யார்மேலும் பழி சொல்லவில்லை. ஃபிலோமினாதான் ராஜாத்தியை வாசற்படியில் நிறுத்தி, தெரு பார்க்க, முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே அம்மா கொடுத்த இரண்டு தலைவலி மாத்திரைகள் இருந்தன. ஆனாலும் திருடி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் ராஜாத்திக்கு வேலை கிடைக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவரோ தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வாரம் அந்தக் கார் ஸீட் இல்லாமல் கூடாக நின்றது. மெக்கானிக் இரண்டு முறை வந்து திரும்பிப் போனார். ஃபிலோமினா சர்ச்சில் பூசைக்குப் போனாலும், சாமியார் கையால் தரும் நன்மை அப்பத்தை வாங்காமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்ததாகத் தம்பி மனைவி என்னிடம் வருத்தப்பட்டார்.

ராஜாத்தி குடும்பம் அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தது. அந்தக் குடிசைகளை எடுத்து எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள். மார்க்கெட்டில் பூ விற்கும் ஒரு பெண்மணி ராஜாத்திக்கு உறவு. அவரிடம் கேட்டுத்தான் செம்மஞ்சேரியில் வீட்டைக் கண்டுபிடித்தோம். மாடியேறிப் போனதும் ராஜாத்தி ஃபிலோமினாவை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஃபிலோமினா கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ராஜாத்தி அதைத் தொடக்கூட இல்லை.

"இத்த வச்சிக்கினு நா இன்னா பண்றது, டீச்சரம்மா? அன்னிக்குத் தெருவே பாத்துக்கினு இருந்துச்சு. என் மாமியார் சாவற வரைக்கும் நான் எடுத்தேன்னுதான் நெனச்சுக்கினு செத்துச்சு. இங்க வந்து என் காதுல சொன்னா ஆச்சா? அங்க சொல்லு."

அந்த ஆண்டு சர்ச்சில் நடந்த பங்குத் திருவிழாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். நம்மில் பலர் அங்கே இருந்தோம். சொல்லியனுப்பியிருந்தபடி ராஜாத்தி மகளோடு வந்து கதவோரம் உட்கார்ந்தார். ஃபிலோமினா முறை வந்ததும் சால்வையை வாங்காமல் நேராக மைக்கிடம் போனார்.

"எங்க வீட்டுல ராஜாத்தின்னு ஒருத்தங்க வேலை செஞ்சாங்க. அவங்க திருடலை. திருடினாங்கன்னு சொன்னது நான். அன்னிக்கு வாசல்ல நின்னு பாத்தவங்க சில பேர் இங்க இருக்கீங்க. அந்தக் கம்மல் எங்க வண்டியோட ஸீட்டுக்கு அடியில இருந்தது."

கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய அண்டைவீட்டார் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். திருவிழா நாளில் இது எதற்கு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஃபிலோமினா இறங்கிக் கதவுப் பக்கம் போவதற்குள் ராஜாத்தியும் மகளும் கிளம்பிவிட்டார்கள். தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மன்னிப்பு கேக்கறதுதான் என் வேலை, லலிதா. குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்" என்றார். மறுவாரம் மெக்கானிக்கை வரச் சொன்னார். அந்தக் கம்மலை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு முன் ராஜாத்திக்கு நான்தான் போன் செய்தேன். "கடைசில கஸ்டப்பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்றேன். "அப்ப சரிம்மா" என்று வைத்துவிட்டார். அடக்கத்துக்கு வரவில்லை.

ஃபிலோமினாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒரு திருத்தம். மேடையில் பேச வேண்டியதைத் தமிழாசிரியை என்பதால் என்னிடம்தான் எழுதித் தரச் சொன்னார். 'அன்று ஒரு பெரும் தவறு நடந்துவிட்டது' என்று தொடங்கி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துத் தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நடக்கலை, லலிதா. நான் செஞ்சேன்."