அது பயம்டி என்றேன்

முதலில் ஒரு சத்தம் கேட்டதாகக் கயல் சொன்னாள். பெரம்பலூர் மைதானத்தில், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்கத் துள்ளி, வலது காலில் இறங்கியிருக்கிறாள். முட்டிக்குள் ‘டொப்’ என்று ஏதோ விட்டுப்போயிருக்கிறது. வலியைவிட அந்தச் சத்தம்தான் அவளை உலுக்கியது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், “உனக்குக் கேட்டுச்சா?” என்று கேட்டாளாம்.

கயல் என் தங்கை. அப்போது அவளுக்கு இருபது வயது. ஏழாம் வகுப்பிலிருந்து பெரம்பலூரில் விளையாட்டு விடுதியில் தங்கிக் கூடைப்பந்து ஆடியவள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னையில் ஒரு தொழில்முறை அணி அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. முதல் ஆண்டு பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சில ஆட்டங்களில்தான் இறக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்தே ஆடலாம் என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். விடுமுறைக்கு வந்து பழைய விடுதி மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். முகாமுக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது இது நடந்தது.

நான் அவளைவிட எட்டு வயது மூத்தவள். ரெட்டிபாளையத்தில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பயந்தே ஒன்பதோடு பள்ளியை நிறுத்தியவள். கயல் பஸ் ஏறினால், இறங்கிவிட்டேன் என்று போன் வரும்வரை எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பயந்திருக்க வேண்டிய அந்த ஒரு முறை பயப்படவில்லை.

நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் போய்விடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. விடிந்ததும் யாராவது வந்து நிற்பார்கள். குதிகாலில் நல்லெண்ணெய் தொட்டு, நோகிற இடத்தில் மூன்று முறை நீவுவேன். மூன்று நாள் வரவேண்டும். படிப்பில் ஒன்றுக்கும் ஆகாத எனக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது என்றால் அது இந்தக் காலால்தான்.

கயல் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். முட்டி வீங்கி, சில்லு (முட்டியின் முன்பக்க மூடி எலும்பு) இருக்கிற இடமே தெரியவில்லை.

“விடுதி சாரு ஸ்கேன் எடுக்கச் சொன்னாருக்கா.”

“எடுக்க வேண்டியதுதான?”

“ரிப்போர்ட்டு டீமுக்குப் போவும். ஒண்ணு கெடக்க ஒண்ணு இருந்துச்சுன்னா என் எடத்துல வேற ஆளப் போட்டுடுவாங்க. ஊருக்கெல்லாம் ஒதைக்கிறியே, எனக்கு ரெண்டு ஒத குடுக்கக் கூடாதா?”

“வாய் மட்டும் கொறையல. படுடி, கொடிக்கம்பம்.”

தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்று காலை நீவினேன். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. இப்படிப்பட்ட வீக்கம் தானாகவே வடியும் என்பதும், உள்ளே அறுந்தது அறுந்தபடியே கிடக்கும் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று என் கால்தான் சரிசெய்தது என்று நினைத்தேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அப்பா டீக்கடையில், “டாக்டருங்கல்லாம் எம் பெரிய பொண்ணு காலுக்கு ஈடாவுமா?” என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள், மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கியவள் பாதிப் படியில் நின்றாள்.

“அக்கா, முட்டி நழுவுற மாதிரி இருக்கு. வலியெல்லாம் இல்ல. ஆனா காலு எங்கிட்ட இல்லாத மாதிரி இருக்கு.”

“அது பயம்டி,” என்றேன். “எனக்குத் தெரியாத பயமா? படி எறங்குறப்ப எனக்குந்தான் அப்படி இருக்கும். எறங்கி வா.”

அவள் நம்பினாள். பயத்தைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?

முகாமில் ஐந்தாம் நாள். பந்தோடு ஓடிவந்து சட்டென்று திரும்பியிருக்கிறாள். யாரும் அவளைத் தொடவில்லை. முட்டி உள்ளுக்குள் மடங்கி, விழுந்தவள் எழவில்லை. காலில் பட்டை கட்டி ஊருக்கு அனுப்பினார்கள். பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம்.

எலும்பு டாக்டர் ஒரு பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுக்கு முன்னாடி அடிபட்டுச்சா?”

“இல்ல டாக்டர், இதான் முதல் தடவ,” என்றாள் கயல். என்னைப் பார்க்காமல் சொன்னாள். அந்தப் பொய் எனக்காக.

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. சத்தம், வீக்கம், நல்லெண்ணெய், என் குதிகால், படியில் அவள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இன்றும் தோன்றுகிறது.

“முன்குறுக்கு நார் (தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் நழுவாமல் பிடித்துவைக்கும் கயிறு போன்ற நார்) அன்னைக்கே அறுந்திருக்கும். அதுக்கு நீங்க காரணம் இல்லம்மா. ஆனா அந்த நார் இல்லாத முட்டியோட ஓடுனதுல மெனிஸ்கஸும் (இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பு) கிழிஞ்சிருக்கு. நழுவுதுன்னு சொன்னாங்கல்ல, அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இதையாவது காப்பாத்தியிருக்கலாம்.”

“இனிமே ஆடலாமா டாக்டர்?” என்றாள் கயல். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“நாருக்குப் பதிலா வேற நாண் வெச்சுடலாம். மெத்தையத் தைக்க முடிஞ்சாத் தைப்பேன். முடியலன்னா அந்தத் துண்ட எடுத்துடணும். எவ்வளவு எடுக்குறேனோ அவ்வளவு சீக்கிரம் முட்டி தேயும். ஆடுறது அதப் பொறுத்துதான்.”

தொடையின் பின்பக்கத்திலிருந்து நாண் எடுத்து வைத்தார்கள். மெத்தையைத் தைக்க முடியவில்லை. ஓரம் பிசிறிப்போயிருந்ததாம். நான் தையல்காரி. பிசிறிய துணியில் தையல் நிற்காது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டில் கயலுக்குப் போதவில்லை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, “ஒனக்கு ரெண்டு பெட்டுக்கு எழுதணும் போலருக்கே,” என்றார். கயல் சிரித்தாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் மாதக் கணக்கு போய் டிகிரிக் கணக்கு வந்தது. முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பதை பிசியோதெரபிஸ்ட் கோணத்தில் அளப்பார். பொங்கலுக்கு வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. தொண்ணூறு டிகிரி மடங்கிய நாளன்று என்ன குழம்பு என்பது நினைவிருக்கிறது.

அணியிலிருந்து போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். “சரிங்க சார். புரியுதுங்க சார்,” என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டு, “ஐஸ் எடுத்துட்டு வாக்கா,” என்றாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருந்தால் ஒருவேளை ஆறும்வரை பொறுத்து அவள் இடத்தை வைத்திருப்பார்கள். ஒருவேளை மாட்டார்கள். அது எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஆடுகிற பிள்ளை இருக்கலாம். முட்டியில் சத்தம் கேட்டு, அன்றே வீங்கி, நடக்கும்போது நழுவுகிறது என்று சொன்னால், தயவுசெய்து யாரும் நீவிவிட வேண்டாம். நான் படிக்காதவள். ஆனால் இதை மட்டும் படித்தவர்களுக்கும் சொல்வேன். பிள்ளை தன் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் உடம்பிலிருந்து பதில் எடுக்காதீர்கள்.

இப்போதும் காலையில் ஆள் வருகிறார்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன். “காலுக்கு ஏத்தம் வந்துடுச்சு இவளுக்கு,” என்று ஒரு அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். சொல்லட்டும்.

ஆபரேஷன் முடிந்த பதினோராம் மாதம் டாக்டர் ஆட அனுமதித்தார். வேறொரு அணி தேர்வுக்கு வரச்சொல்லியிருக்கிறது. பெரம்பலூரில் பயிற்சி எடுக்கிறாள். நானும் பஸ் ஏறிப் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்: “முன்னல்லாம் பந்து வளையத்துல படும்போதே நான் மேல இருப்பேன்க்கா. இப்ப, குதிக்கட்டுமான்னு முட்டியக் கேக்குறேன். அது சரிங்குறதுக்குள்ள பந்து வேற ஒருத்தி கையில இருக்கு.” குறையாகச் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஆடப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் பந்தைப் பார்ப்பதில்லை. அது வளையத்தில் படும் சத்தத்துக்கும், கயலின் கால் தரையைவிட்டு எழுவதற்கும் நடுவில் இருப்பதைத்தான் பார்க்கிறேன். ஒரு கண் இமைப்பு நேரம். மைதானத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. சில நாள் கொஞ்சம் குறைகிறது. சில நாள் குறைவதில்லை.