ராணிக்குக் கொடுத்த பேச்சு

போரில் மகனை இழந்த ஒரு ராணியின் கதை அது. முழுக்கச் செய்யுளில் எழுதப்பட்ட பழைய நாடகம். தாம்பரத்தில் எங்கள் நாடகக் குழு அதை மேடையேற்றியது. ராணி வேஷம் எனக்கு. பகலில் துணிக்கடையில் வேலை, மாலையில் ஒத்திகை. கடைசிக் காட்சியில் ராணி புலம்பும் செய்யுளைப் பஸ்ஸில் முணுமுணுத்தே மனப்பாடம் செய்திருந்தேன்.

ஒருநாள் இயக்குநர் என்னை நிறுத்தினார். “இது யாருக்கும் புரியாது. நீ பெரும்பாக்கம்தானே? உங்க ஏரியாவுல புள்ள செத்தா எப்படி அழுவாங்க? அப்படியே அழு.”

எனக்குத் தெரிந்த அழுகை ஒன்றுதான். மேடவாக்கம் ரோட்டில் லாரி மோதி என் தம்பி செத்தபோது அம்மா அழுதது. அதையே அழுது காட்டினேன். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒரு வார்த்தைகூட மாத்தாதே” என்றார். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “நானும் பாக்க வரேன்” என்றாள்.

முதல் நாள் நாடகத்துக்கு அரங்கம் நிறைந்திருந்தது. அம்மா முன்வரிசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையும் கிரீடமுமாகப் பிணத்தின் பக்கத்தில் அமர்ந்து ஆரம்பித்தேன். “எந்திரிடா கண்ணு. சோறு போட்டு வெச்சிகினு குந்திகினு கீறேன்டா...”

யாரோ சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு. சினிமாவில் காமெடிக்காரர்கள் பேசித்தான் அவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். நான் நிஜமாகவே அழுதேன். அழ அழச் சிரிப்பு ஏறியது. பிணமாகக் கிடந்த நடிகனின் வயிறுகூடக் குலுங்கியது.

பஸ் ஸ்டாப்பில் அம்மா கேட்டாள்: “இன்னாடி, அன்னிக்கு நான் அழுதப்போவும் இப்டிதான் சிரிச்சாங்களா?”

மறுநாள் இயக்குநரிடம், “சார், நான் செய்யுளையே சொல்லிடறேன்” என்றேன்.

“உன் வாயில செய்யுளா?” என்று மற்றவர்களைப் பார்த்தார். அவர்களும் சிரித்தார்கள். “ஆடியன்ஸ் என்ஜாய் பண்றாங்கம்மா. ‘குந்திகினு’க்கு அப்புறம் கொஞ்சம் கேப் விடு. சிரிச்சு முடிக்கட்டும்.”

இரண்டாவது முறை மேடையேறியபோது நான் செய்யுளைத்தான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அழவுமில்லை. அங்கங்கே செல்போன் வெளிச்சம் தெரிந்தது. பாதியில் இயக்குநர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். மீதியை இருட்டிலேயே சொல்லி முடித்தேன். வீடு போய்ச் சேருவதற்குள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

வேஷம் கோவிலம்பாக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போனது. ஐ.டி.யில் வேலை; நல்ல பெண்தான். எனக்குப் போன் செய்தாள். “அக்கா, அந்த அழுகைய ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புறீங்களா? எனக்கு அந்த ஸ்லாங் வரல.”

போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா யாரென்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன்.

அந்தப் பெண் அந்த அழுகையை எப்படியோ பழகிக்கொண்டாள். நாடகம் இன்னும் நடக்கிறது. அந்தக் காட்சிக்குத்தான் கைதட்டல் அதிகமாம்.