திரைக்கு உள்ளே வராத சோறு

எழுபதுகளின் கடைசியில் கல்முனைச் சந்தைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில், பெண்கள் இருந்து சாப்பிட ஒரு மூலையைத் திரை கட்டி மறைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், அல்லாஹ் அதற்குக் கூலி கொடுக்கட்டும். ஆனால் அந்தத் திரைக்குள் என் மனைவியோடு இருந்த பகலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இரத்தம் சோதிக்க அவளைப் பொத்துவிலிலிருந்து வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தேன். லுஹர் தொழுகை நேரத்துக்குப் பிறகுதான் விட்டார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் குளிசையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் பிரட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸுக்கும் அதிக நேரம் இல்லை.

பரிமாறுகிறவர் தாடி நரைத்த மனிதர். முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு பீங்கான் சோற்றைத் திரைக்குள் நீட்டினார். அதோடு சரி. இரண்டாம் முறை சோறும் கறி ஆணமும் கேளாமலே போடுவது அந்தக் கடை வழக்கம். வெளியே வாளியோடு சுற்றிச் சுற்றிப் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா? ஆணம் ஊத்தட்டா?"

திரைப் பக்கம் மட்டும் வரவே இல்லை. எங்கள் பீங்கான்கள் இரண்டும் காலி. பிற ஆண்கள் கேட்கக் குரல் எழுப்பும் பழக்கம் அவளுக்கு இல்லை. நான் எழும்பி வெளியே போய், மூத்தவர் என்று அவரிடம் மரியாதையாகவே கேட்டேன்.

"காக்கா, உள்ளுக்குச் சோறு வரல்லயே?"

"உள்ள பொம்புளையள் இருக்காங்க தம்பி. நான் எப்புடி வாற?"

"வர வேணாம். வெளிய நிண்டு ஒரு சத்தம் குடுக்கலாமே?"

"பொம்புளைக்கிட்டச் சோறு காணுமா, போதுமாண்டு கேக்கிறதா? நல்ல கதை!"

மேசைகளில் சிரித்தார்கள். நான் அவர் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"முதலாளி புதுசா ஆள் பிடிச்சிருக்காரு! மச்சான், இஞ்சயும் ரெண்டு அகப்பை!" என்று ஒருவர் பீங்கானை நீட்டினார்.

"பருப்பு எங்க?" என்று இன்னொருவர் என் கையைப் பிடித்தார்.

முதலாளியும் இருந்த இடத்தில் இருந்தே, "மாஷா அல்லாஹ், நாளைக்கும் வாங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது.

விருந்தாளியைக் கண்ணியப்படுத்தச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பார்வையைத் தாழ்த்தச் சொன்னது, காதைப் பொத்தச் சொல்லவில்லையே. ஒரு சட்டியில் சோறும் இன்னொன்றில் ஆணமும் முதலே உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தால் யாருக்கு என்ன வெட்கம்? கண்ணுக்குத் தெரிகிறவனுக்குப் போடுவது பெரிய காரியமா? தெரியாமல் இருக்கிறவரின் பசி நினைவில் இருக்க வேண்டும். அதுதான் கவனிப்பு.

திரையை விலக்கினேன். அவள் பீங்கானிலேயே கையைக் கழுவிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னத்துக்குச் சண்டை? எனக்குக் காணும். குளிசையும் போட்டுட்டன்."

"அரை வயித்தோடயா?"

"எல்லாரும் சிரிக்கிறாங்க. வாங்க, போவம்."

காரைதீவு தாண்டுமுன்பே பஸ் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். சாப்பிட்ட அந்தக் கொஞ்சமும் போயிற்று. முதுகைத் தடவிக்கொண்டே, பசிக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள்.