ஸ்காலர்ஷிப் இருக்கா, மேடம்?

கல்லூரி கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஃபோன் வந்தால், காதில் விழுகிற முதல் வார்த்தை வணக்கமும் இல்லை, ஹலோவும் இல்லை, ‘ஸ்காலர்ஷிப் இருக்கா?’ என்பதுதான்.

நான் ஈரோட்டுக்காரி. பள்ளியிலும் காலேஜிலும் ஆடியவள். கணவருக்கு அமெரிக்காவில், டெக்ஸஸின் ரவுண்ட் ராக்கில் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் பக்கத்துக் கல்லூரியின் பெண்கள் அணிக்கு வாலண்டியராகப் போனேன். பந்து பொறுக்கிப் போட்டேன், வீடியோ எடுத்தேன், பஸ்ஸில் எத்தனை தலை என்று எண்ணினேன். இன்றைக்கு அங்கே உதவிக் கோச். புது ஆட்டக்காரிகளைத் தேடிப் பிடிக்கிற ரெக்ரூட்டிங் வேலை முழுக்க என் தலையில்.

எங்களுடையது சின்னக் கல்லூரி, இரண்டாம் டிவிஷன். டிவியில் வருகிற பெரிய அணிகள் மாதிரி எல்லோருக்கும் முழு ஸ்காலர்ஷிப் எங்களால் முடியாது. இருப்பதைப் பிரித்து எப்போதாவது ஒருத்திக்கு முழுசு, ஒருத்திக்கு முக்கால், ஒருத்திக்குக் கால், ஒருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும் என்று கொடுப்போம். சின்னக் கேக்கைப் பெரிய வகுப்புக்கு வெட்டுகிற டீச்சரின் நிலைமை. மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜிம் ஜிம்மாக அலைகிற பெற்றோர்களே, நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து படுகிற பாட்டைத்தான் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து படுகிறேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

வெட்டிப் போட்ட இருபது நொடி

கலிஃபோர்னியாவில் டப்ளினிலிருந்து ஒரு அப்பா, முரளி என்று வைத்துக்கொள்ளுங்கள், மகள் ஆடிய வீடியோவை அனுப்பினார். ஹைலைட்ஸ் என்றால் வழக்கமாக மூன்று நிமிஷம். இவருடையது இருபத்திரண்டு நிமிஷம். பின்னணியில் பாட்டு, ஸ்லோ மோஷன், மகள் கையில் பந்து வரும்போதெல்லாம் அவளைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம். போட்ட பந்தெல்லாம் கூடையில் விழுந்தது. அப்படி ஒரு ஆட்டக்காரி பூமியில் கிடையாது. "முழு மேட்ச் ஒண்ணு அனுப்புங்க சார். தோத்த மேட்சா இருந்தா ரொம்ப நல்லது" என்றேன். மனசே இல்லாமல் அனுப்பினார்.

அதில் அந்தப் பெண் சுமாராகத்தான் ஆடினாள். மூன்றாவது குவார்ட்டரில் கோச் அவளை வெளியே எடுத்தார். வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் துண்டை வீசுவார்கள், இல்லை பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் தனக்குப் பதிலாக உள்ளே போகிற பெண்ணை நிறுத்தி, எதிரணிக்காரி எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று கையால் காட்டிச் சொன்னாள். அவள் உள்ளே போன பிறகும் இவள் உட்காரவில்லை. நின்றபடியே குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இருபது நொடியை நான் நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

அவளை வரச் சொல்லி, எங்களால் முடிந்த ஸ்காலர்ஷிப்பையும் கொடுத்தோம். எந்த ஷாட்டைப் பார்த்து எடுத்தீர்கள் என்று முரளி ஆவலாகக் கேட்டார். ஷாட் எதுவும் இல்லை, இதைப் பார்த்துத்தான் என்று விவரமாகச் சொன்னேன். முரளி அசடு வழியச் சிரித்தார்.

"அந்த இடத்தைத்தான் நான் முதல்ல கட் பண்ணேன் மேடம். அவ ஆடலையேன்னு."

ஐந்தடி எட்டங்குலம்

விண்ணப்பத்தில் உயரம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதியிருப்பதிலிருந்து இரண்டு அங்குலத்தைக் கழித்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஒரு அம்மா மகளை ஐந்தடி எட்டு என்று எழுதியிருந்தார். நேரில் அளந்தால் ஐந்தடி ஐந்து. நான் ஒன்றும் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினேன். மகள் சங்கடத்தில் தலையைக் குனிந்துகொண்டதில் இன்னும் ஒரு அங்குலம் குறைந்தாள். அம்மா அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"ஃபாரம் அனுப்பறப்ப வளர்ந்துட்டே இருந்தா மேடம். நாங்க கொஞ்சம் முன்கூட்டியே எழுதிட்டோம்."

நாற்பது பர்சென்ட்

நியூ ஜெர்ஸியில் ஒரு வீடு. மகள் நித்யா நல்ல ஷூட்டர், தூரத்திலிருந்து போடுவதில் கெட்டிக்காரி. அம்மா வசந்திக்கு மருந்துக் கடையில் வேலை, சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வாசலிலேயே என் ஷூவைப் பார்த்துவிட்டு, "கழட்ட வேண்டாம், உங்களுக்கு அதானே யூனிஃபார்ம்" என்றார். சாப்பிட வைத்துவிட்டுத்தான் பேச விட்டார். நான் கல்லூரியைப் பற்றி, படிப்பைப் பற்றி, எங்கள் ஊர் வெயிலைப் பற்றிக்கூட மறைக்காமல் சொல்லிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தேன். எங்களால் முழு ஸ்காலர்ஷிப் முடியாது, நாற்பது பர்சென்ட் தருகிறோம்.

நித்யா முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்குத் தெரியும், முதல் வருஷத்துப் பிள்ளைக்கு எங்களைப் போன்ற இடத்தில் அது பெரிய விஷயம். வசந்தி மட்டும் கவலையோடு என்னைப் பார்த்தார். மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் டீச்சர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"நாப்பதுன்னா ஜஸ்ட் பாஸ்தானே? மீதி அறுபதை எந்தப் பாடத்துல விட்டுட்டா, சொல்லுங்க. இப்பவே ட்யூஷன் வச்சிடறேன்."

நாலு பேர் இருந்த அறை

எங்கள் தலைமைக் கோச் பெயர் டோனா. டெக்ஸஸ்காரர், அறுபதை நெருங்குகிறவர், குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைப்பவர். ஸ்காலர்ஷிப்பை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அதற்காக ஒரு வசந்த காலத்தில் டோனாவின் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம். பட்டியலில் மாரிசோல் என்ற பெண்ணின் பெயர் வந்தது. மெக்ஸிகோ எல்லைப் பக்கத்திலிருந்து வந்தவள், அப்பா லாரி டிரைவர். ஜனவரியில் ஒரு மேட்சில் குதித்து இறங்கும்போது முட்டியில் லிகமென்ட் கிழிந்துவிட்டது. அடுத்த சீசன் ஆட முடியாது. "ஆடாத பிள்ளைக்கு முழு ஸ்காலர்ஷிப்பா?" என்று ஒரு உதவிக் கோச் கேட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் அடுத்த வருஷத்துக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. டோனா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் பேசவில்லை. ஏனென்றால், அந்த ஸ்காலர்ஷிப் கிடைத்தால் வருவதாகச் சொன்ன ஆறடி இரண்டங்குலப் பெண் ஒருத்தியை நான்தான் ஐந்து மாதம் அலைந்து பிடித்து வைத்திருந்தேன். முடிவை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு எழுந்தோம்.

வீட்டுக்கு வந்து சாம்பாருக்குக் காய் நறுக்கும்போது மாரிசோலின் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும், எனக்கு ஸ்பானிஷ் சுத்தமாக வராது. மாரிசோலைச் சேர்த்த அன்றைக்கு நாலு விரலைக் காட்டி "நாலு வருஷமா?" என்று கேட்டார். நானும் நாலு விரலைக் காட்டித் தலையாட்டினேன். அது ஒப்பந்தம் இல்லைதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு டோனாவின் கதவைத் தட்டி, மாரிசோலுடைய ஸ்காலர்ஷிப்பை எடுக்கக்கூடாது, என் உயரமான பெண் போனால் போகட்டும் என்றேன். பின்னால் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உயரமான பெண் வேறு கல்லூரிக்குப் போனாள், கூடைக்குக் கீழே ஆள் இல்லாமல் நாங்கள் நிறையத் தோற்றோம். ஆனால் அன்றைக்குக் காலையில் டோனா மேஜை டிராயரிலிருந்து பட்டியலை எடுத்துக் காட்டினார். மாரிசோல் பெயருக்கு எதிரில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் இங்கிலீஷில் சொன்னதன் தமிழ் இது:

"நேத்து இந்த ரூம்ல நாலு பேர் இருந்தோம். ஒருத்தராவது சொல்றீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

நேரில் போய்ச் சொன்னது

அதே டோனாதான். தோற்ற அந்த சீசனுக்குப் பிறகு அவருடைய வேலையே ஊசலாடியது. வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடித் தேர்ந்த ஒரு பெண் எங்களிடம் மாறி வரத் தயார் என்றாள். இப்போதெல்லாம் இது சகஜம். பிளேயர்கள் வருஷத்துக்கு ஒருமுறைகூட கல்லூரி மாறுகிறார்கள், கோச்சுகளும் பள்ளிப் பிள்ளையை வளர்த்து எடுப்பதைவிடத் தேர்ந்த ஆளையே தேடுகிறார்கள். அந்தப் பெண்ணை எடுத்தால், நான் ஹூஸ்டனில் ஒரு பிள்ளைக்கு வாயால் சொல்லி வைத்திருந்த இடம் போய்விடும். டோனா எடுத்தார்.

அந்தப் பிள்ளை பெயர் மெலனி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ஜெயராஜாவுக்கு அங்கே ஹில்கிராஃப்ட் தெருப் பக்கம் பலசரக்குக் கடை. ஃபோனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், பிறகு காரை எடுத்தேன். மூன்று மணி நேர டிரைவ். என் கார் வந்து நிற்பதைப் பார்த்ததும் கையெழுத்து வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அம்மா கேக் வெட்டித் தட்டில் வைத்திருந்தார். நான் உட்காருவதற்கு முன்னாலேயே விஷயத்தைச் சொன்னேன். மெலனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், இங்கிலீஷில். போன வாரம் என்னுடைய மேட்சுக்கு வந்து கை தட்டினீர்களே, அப்போதே உங்களுக்குத் தெரியுமா? தெரியும், முடிவாகவில்லை, ஆனால் தெரியும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனாள். கதவை ஓங்கிச் சாத்துவாள் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் சாத்தினாள்.

பிறகு அவள் பக்கத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து ஆடினாள். இரண்டு வருஷம் கழித்து வேறொரு கல்லூரி அவளை எடுத்தது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அன்றைக்கு ஜெயராஜா கார் வரைக்கும் வந்தார். கேக்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"ஃபோனிலையே சொல்லியிருக்கலாம் பிள்ளை. நீங்கள் நேரில வந்து சொன்னபடியா, எங்களுக்குக் கோவப்படக்கூட ஏலாமக் கிடக்கு."

முழு ஸ்காலர்ஷிப்

காவ்யா ரவுண்ட் ராக் பெண். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். அப்பா சிவகுமார் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர், பேசுவதற்குக் கூச்சப்படுகிற மனிதர். நான் இந்த வேலைக்கு வந்த பிறகு தமிழ்ப் பெண் ஒருத்திக்கு எங்கள் கல்லூரி முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கச் சம்மதித்தது அவளுக்குத்தான். டோனாவிடம் மூன்று மாதம் வாதாடி வாங்கியிருந்தேன். கையெழுத்துப் போட இருவரும் வந்தார்கள். சிவகுமார் வெளியே நாற்காலியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். காவ்யா மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஆட விருப்பமில்லை என்றாள்.

பயமா, படிப்பா, உடம்புக்கு ஏதாவதா என்று வரிசையாகக் கேட்டேன். எதுவும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே ஆட்டம் அவளுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லையாம். அப்புறம் ஏன் இத்தனை வருஷம் ஆடினாய் என்றேன். இங்கிலீஷில்தான் சொன்னாள், மெதுவாக, யோசித்து யோசித்து. வீட்டில் அப்பா பேசவே மாட்டார், லேப்டாப்தான். டோர்னமென்ட்டுக்குப் போகிற சனிக்கிழமைகளில் மட்டும் காரில் பேசுவார். தான் பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆனதை, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டு அறுபது மைல் போனதை, அம்மாவை முதன்முதலில் பார்த்தபோது என்ன பேசுவதென்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசியதை. ஆட்டத்தை விட்டால் அதுவும் போய்விடும் என்று விடவில்லை. இப்போது அணியோடு ஹாஸ்டலில் தங்கி, டீம் பஸ்ஸில் போக ஆரம்பித்தால் அந்தக் கார் பயணமே கிடையாது, பிறகு எதற்கு ஆட வேண்டும்?

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று மாத உழைப்பு. "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றேன். இல்லை, நீங்கள் சொல்லுங்கள் கோச் என்றாள். நான் பக்கத்தில் உட்காருகிறேன், நீதான் சொல்ல வேண்டும் என்று சிவகுமாரைக் கூப்பிட்டேன். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார், பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். காவ்யா எல்லாவற்றையும் சொன்னாள், காரைப் பற்றியும் சொன்னாள். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தமிழில்: "அப்பா, எனக்கு ஆட வேண்டாம்." இந்த அறையில் எத்தனையோ அப்பாக்கள் மேஜையைத் தட்டியிருக்கிறார்கள். நான் தண்ணீர் பாட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்தேன். சிவகுமார் அந்தக் காகிதத்தை மெல்ல என் பக்கம் தள்ளி வைத்தார். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினார். அதைச் சட்டைப் பையில் சொருகிவிட்டு, என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக் கேட்டார்:

"சரிம்மா. அப்ப இனிமே சனிக்கிழமை காலைல நாம எங்க போறது?"

பந்து போடத் தெரிந்த பிள்ளையை ஒரே மேட்சில் கண்டுபிடித்துவிடுகிறேன். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்குத்தான் யாராவது தனியாகக் கோச்சிங் வைக்க வேண்டும்.