அக்கா கடையில் என் சட்டை நிறம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அன்று வீட்டுக்கு வந்து துணை நின்றவர்களும், தொலைவில் இருந்ததால் வர முடியாமல் போனவர்களும் கையில் வைத்துக்கொள்ள இந்த நினைவு மலரை அச்சிட்டிருக்கிறோம். இதில் அக்காவைப் பற்றி எழுத வேண்டியவன் நான்தான் என்று உறவினர்கள் முடிவு செய்தார்கள். உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அதில் போட்டி இல்லை.

அக்கா பிறந்தது அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில். கிணறு வற்றிய ஆண்டில் பத்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினார். நான் தொடர்ந்து படித்தேன். அந்நாளில் இது யாருக்கும் வியப்பாகப் படவில்லை. அக்காவும் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. பாப்பாரப்பட்டியில் தையல் சாமான் கடை வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். குழந்தை இல்லை. அதற்காக இருவரும் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளையும் கோயில்களையும் இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். பட்டனும் ஜிப்பும் லைனிங் துணியும் விற்ற கடைக்கு உல்லன் நூலைக் கொண்டுவந்தவர் அக்காதான். பள்ளிக் கைவேலை வகுப்பில் கற்ற பின்னல் அவர் கையில் இருந்தது.

மாமா மாரடைப்பில் திடீரென்று காலமானார். காரியம் முடிந்த கையோடு, ஓசூரில் எங்களோடு வந்து இருக்கும்படி அக்காவை அழைத்தேன்.

“கண்ணு தெரியற வரைக்கும் கடைய நடத்தறன் தம்பி. தெரியாமப் போச்சுன்னா நானே உன் வூட்டுக்கு வந்துடறன். பேச்சு மாற மாட்டன்” என்றார்.

அக்கா பேச்சு மாறாதவர் என்பது எங்கள் உறவில் எல்லாருக்கும் தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காக, பிடிக்காத ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறியவர். ஆகவே நானும் வற்புறுத்தாமல் ஊருக்குத் திரும்பினேன்.

அதற்குப் பின்புதான் சந்தை நாள் கூட்டம் தொடங்கியது. காய்கறி வாங்க வரும் பெண்கள் மதியம் கடையில் வந்து உட்காருவார்கள். பக்கத்து வீட்டு சரசுவும், சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் மேரியும் தவறாமல் வருவார்கள். அங்கே சட்டம் ஒன்றே ஒன்று. உட்கார்ந்து எடுத்த வேலை, எழுந்திருக்கும் முன் முடிய வேண்டும். செல்போன் பை, தலைமுடி வளையம், சாவிக் கொத்தில் தொங்கும் கிளி, பச்சைக் குழந்தைக்குக் குல்லா, தண்ணீர் பாட்டிலுக்கு உறை. ஒருமுறை சரசுவின் வீட்டுக்காரருடைய பைக் கைப்பிடிக்கு ரோஸ் நிறத்தில் உறை பின்னி மாட்டிவிட்டார்கள். அவர் அதைக் கவனிக்காமல் தருமபுரி வரை போய் வந்தார்.

ஒரு மார்கழியில், பிறந்த ஆட்டுக்குட்டி குளிரில் நடுங்குகிறது என்று இண்டூரிலிருந்து வந்திருந்த மல்லிகா சொன்னார். வயிற்றுப் பக்கம் ஒருவர், முதுகுப் பக்கம் ஒருவர் என்று பங்கு போட்டு, மிச்ச நூலில் பல நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார்கள். மறுநாளே போன் வந்தது.

“அக்கா, தாயாடு குட்டியக் கிட்டயே சேக்கல. வேற யாரு வூட்டுக் குட்டியோன்னு முட்டித் தள்ளுது.”

“ஸ்வெட்டரக் கழட்டித் தாயாட்டு முதுகுல போட்டு வை. அதோட வாசம் நல்லா ஏறட்டும். அப்புறம் குட்டிக்கு மாட்டு” என்றார் அக்கா.

தாயாடு சேர்த்துக்கொண்டது. அந்தக் குட்டியின் படம் பல பேருடைய செல்போனில் இன்னும் இருக்கிறது.

மெல்லிய நூல் விற்பதை அக்கா இடையில் நிறுத்திவிட்டார். தடித்த நூலும் பெரிய கொக்கி ஊசியும் மட்டுமே வைத்திருந்தார். கேட்டபோது, “அதுல சால்வை பின்னி முடிக்கறதுக்குள்ள போத்திக்கறவங்களுக்கு வயசாயிடும்” என்றார். அது அக்கா சொல்லக்கூடிய பேச்சுதான் என்பதால் நம்பினேன்.

நான் போகும் நாளெல்லாம் இன்னொன்றும் நடந்தது. வாசலில் கால் வைக்கும் முன்பே சரசு, “அண்ணன் நீலச் சட்டையில வந்திருக்காரு” என்பார். உள்ளே இருந்து அக்கா, “நீலம் உனக்கு எடுப்பா இருக்குது தம்பி” என்பார். அடுத்த முறை கோடு போட்ட சட்டை, அதற்கடுத்து சந்தன நிறம். பாப்பாரப்பட்டியில் எனக்கு ரசிகர்கள் கூடிவிட்டதாக என் மனைவி கேலி செய்தார். உண்மையைச் சொன்னால், ஊருக்குப் போகும் நாளில் கொஞ்சம் நல்ல சட்டையாகத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரு சந்தை நாளில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் போய்விட்டேன். கூட்டம் சேரவில்லை. அக்கா பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அலமாரியைப் பார்த்தேன். ரோஸுக்குப் பக்கத்தில் கரும்பச்சை, அதற்குப் பக்கத்தில் மஞ்சள் என்று ஒரு முறையும் இல்லாமல் இருந்தது. ஓசூர்க் கம்பெனியில் என் வேலை தரம் பார்ப்பது. கை சும்மா இருக்கவில்லை. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை வரிசையாக அடுக்கி வைத்தேன்.

அக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்குப் புதிதான ஒரு பெண் வந்து சிவப்பு நூல் கேட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி ஓர் உருண்டையை எடுத்துக் கொடுத்தார். அது பழுப்பு.

“சிவப்புங்க கேட்டன்” என்றார் அந்தப் பெண்.

அக்கா அதே இடத்திலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அதுவும் பழுப்பு. அந்நேரம் உள்ளே வந்த சரசுவும் மேரியும் அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

“யாரு அடுக்கினது?” என்று கேட்டார் அக்கா.

“நான்தாங்க்கா.”

மேரிதான் சொன்னார். சர்க்கரை நோய் அக்காவின் கண்ணைத் தொட்டு வெகுநாள் ஆகிவிட்டது. சேலத்துக்கு அழைத்துப் போய் லேசர் வைத்துப் பார்த்ததும் மேரிதான். பார்வை மேற்கொண்டு போகாமல் நின்றது, போனது திரும்பவில்லை. ஆள் நிழலாகத் தெரியும், நிறம் தெரியாது. தடித்த நூல் விரலுக்குப் பிடிபடும். அலமாரியில் எந்த நூலும் இடம் மாறாமல் சந்தை நாள் பெண்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சட்டைக்குக் கிடைத்த மரியாதைக்கும் காரணம் விளங்கியது.

“வாக்குக் குடுத்தது குடுத்ததுதான். எப்ப வண்டி கொண்டாற?” என்றார் அக்கா.

அக்கா வர மாட்டேன் என்று மறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுக்காமல் கேட்டது தாங்கவில்லை. கடையை விட்டால் அந்த நாற்காலியும், அந்தக் கூட்டமும், அந்தக் கேலியும் போய், எங்கள் வீட்டு மூன்றாவது மாடியில் ஓர் அறை மட்டும்தான் மிஞ்சும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும்தான்.

“அக்கா, இன்னிக்கு நான் என்ன சட்டை போட்டிருக்கறன்?” என்று கேட்டேன்.

சரசு வாயைத் திறந்தார். “நீ சும்மா இரு சரசு” என்றார் அக்கா. என்னைக் கிட்டே வரச் சொல்லி, கையை, தோளை, கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தார்.

“கலர் தெரியல. இஸ்திரி போடல. காலர்ல நூலு பிரிஞ்சிருக்குது.”

தொட்டுப் பார்த்தேன். பிரிந்துதான் இருந்தது.

“இது என் கண்ணுக்கே தெரியலக்கா. நீ கடைய நடத்து. வண்டிய நான் கொண்டார மாட்டன்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. அதற்குள் வந்து சேர்ந்த பெண்களும் கூடி அலமாரியைப் பழையபடி அடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு மனப்பாடமாக இருந்தது. என்னைத் தொட விடவில்லை. அதன் பிறகு அக்கா எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்கு மட்டும் வந்து போனார்.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தார். தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், தேறவில்லை. கடைசியாகத் தெளிவாகக் கேட்டது, “கடைய யாரு தொறக்கறா?” என்பதுதான். “நாங்க தொறந்துட்டங்க்கா” என்றார் மேரி. அது உண்மை. சாவி அன்று சரசுவிடம் இருந்தது. இன்றும் அவரிடமேதான் இருக்கிறது.

அக்காவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சேலத்துக்குப் பலமுறை துணை போன மேரிக்கும், இண்டூரிலிருந்து பால் கொண்டுவந்த மல்லிகாவுக்கும், தோள் கொடுத்த பாப்பாரப்பட்டி இளைஞர்களுக்கும், என்னிடம் அத்தனை நாள் ஒரு சொல்லும் விடாமல் மறைத்த சந்தை நாள் பெண்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அவர்கள் மறைக்காமல் இருந்திருந்தால் அக்காவை நான் முன்னமே ஓசூருக்கு அழைத்துப் போயிருப்பேன். நல்லவேளை மறைத்தார்கள்.

இந்த மலரில் எந்தப் படத்தைப் போடுவது என்று கேட்க, சென்ற சந்தை நாளில் கடைக்குப் போனேன். எல்லாரும் குனிந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் படியேறும்போது, சரசு நிமிராமலே சொன்னார்:

“அண்ணன் வெள்ளச் சட்டையில வந்திருக்காரு.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. எல்லாருடைய ஊசியும் நின்றது. நான் அக்காவின் நாற்காலிப் பக்கம் திரும்பினேன்.

“இஸ்திரி போட்டிருக்கறங்க்கா” என்றேன்.