சுவாசராவின் ஊசிக்குறி

பச்சைக் காய் பறிப்பவர்களைக் கண்டால் சுவாசராவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வனிலாக் காய் ஒன்பது மாதம் கொடியில் கிடக்க வேண்டும், நுனியில் மஞ்சள் தட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பாள். அவசரப்பட்டுப் பறித்த காயை வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, மாதக்கணக்கில் வெயில் காட்டினாலும் வைக்கோல் வாசம்தான் வரும். "அஞ்சாம் மாசமே புள்ளையப் பெத்துப் போடுவியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவாள். பக்கத்துத் தோட்டத்து மர்சேலின் இவளிடம் காட்டாமல் ஒரு காயைக்கூடப் பறித்ததில்லை.

மடகாஸ்கரின் அந்தலாஹாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய அவள் காய்கள் எந்தெந்த நாட்டு ஐஸ்கிரீமிலோ மணந்தன. அந்தப் பண்டத்தை அவள் நாக்கில் வைத்ததில்லை. கீரை போட்ட சோற்றுத் தண்ணீரோடு அவள் பொழுது போயிற்று. நக்கிச் சாப்பிட்ட யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை. நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரிகிறது.

புயலில் வீடு போனது. அதே வருடம் புருஷன் டவுனில் வேறொருத்தியோடு போய்விட்டான். அன்றிலிருந்து மாமியார் பெர்த்தினின் சமையல் குடிசையில் ஒரு மூலைதான் அவளுக்கு. "புருஷனப் பிடிச்சு வைக்கத் தெரியாதவ, வீடு கட்டப் போறாளாம்" என்று கிழவி தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவாள். சுவாசரா புதுக் கொடி நட்டாள். விடியற்காலையில் பூக்கிற ஒவ்வொரு பூவுக்கும், அது வாடுவதற்குள், குச்சியால் மகரந்தம் தொட்டு வைத்து, தன் கையாலேயே கல்யாணம் செய்து வைத்தாள். இந்த வருடம்தான் கொடி நிறையக் காய்த்தது. தகரக் கூரை போட்ட ஒரு வீடு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

திருட்டுக்குப் பயந்து அந்த ஊரில் எல்லோரும் பிஞ்சிலேயே காய் மேல் ஊசியால் குறி குத்துவார்கள். காய் காய்ந்து கறுத்தாலும் தழும்பு போகாது. சுவாசராவின் குறி ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி.

ஊர் குறித்த பறிப்பு நாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, விடியற்காலையில் காவல்காரர்கள் ஒருவனைச் சாக்கோடு பிடித்து வந்து பலாமரத்தில் கட்டினார்கள். சாக்கைக் கொட்டினால் அத்தனையும் பச்சைக் காய், அத்தனையிலும் வட்டமும் புள்ளியும். கட்டப்பட்டிருந்தவன் அவள் தம்பி திலாஹி. அம்மா செத்தபின் இடுப்பில் தூக்கித் திரிந்து அவள் வளர்த்த பிள்ளை.

அவளைக் கூட்டி வந்தார்கள். அவன் உதடு கிழிந்திருந்தது, தலையை நிமிர்த்தவில்லை. சுற்றி நின்றவர்கள் கையில் தடி இருந்தது. போன வருடம் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வனிலாத் திருடனை அடித்தே கொன்றது எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர் ஓனோரே குறி உன்னுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். கூட்டம் தடியோடு திலாஹி பக்கம் நகர்ந்தது.

"நான்தான் பறிச்சுட்டு வரச் சொன்னேன்" என்றாள்.

ஓனோரே கை காட்டிக் கூட்டத்தை நிறுத்தினார். குறித்த நாளுக்கு முன் பறித்தால், சொந்தக் காயே ஆனாலும், கொடியில் மிச்சமிருப்பதெல்லாம் ஊருக்குப் போய்விடும். அது அவர் வைத்த சட்டம். அதற்கு முதலில் கைதட்டியவளும் சுவாசராதான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"வீடு கட்டற அவசரம், பெரியவரே. நான்தான் சொன்னேன்."

சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. தடிகள் இறங்கின, கயிற்றை அவிழ்த்தார்கள். இத்தனை வருடம் அவளிடம் திட்டு வாங்கிய ஒருவன் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனான்.

திலாஹி குடிசைக்கு வந்து வாசலிலேயே நின்றான். ஊர் முன்னால் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதான்.

"சொன்னா கொன்னுடுவாங்கடா" என்றாள் அவள். "காயும் போய் நீயும் போனா எனக்கு யாரு இருக்கா? டவுனுக்குப் போயிடு. இந்தப் பக்கம் வராதே."

அவன் போய்விட்டான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து வாயில் துணியைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

பறிப்பு நாள் வந்தது. ஊருக்குப் போய்விட்ட அவள் காயைப் பறிக்க வீட்டுக்கு ஓராள் வர வேண்டும் என்றார்கள். பெர்த்தினுக்கு முட்டி வலி, மருமகள் போனாள். தன் கொடியில் தன் குறி போட்ட காய்களைப் பறித்து ஊர்க் கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்தில் மர்சேலின் மஞ்சள் தட்டாத ஒரு காயைத் திருகுவது தெரிந்தது. பழக்கம், கை தானாக நீண்டு தடுத்தது.

"அது இன்னும் பழுக்கலடி. நாலு நாள் விடு."

மர்சேலின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத நீயா சொல்றே?"

சுவாசரா பதில் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் தம்பி பெயரைச் சொல்ல வேண்டும். கையை எடுத்துக்கொண்டாள். மர்சேலின் அந்தக் காயைப் பறித்துக் கூடையில் போட்டாள்.