துணியில் தைத்த கர்ப்பப்பை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதத்தில் நடந்தது இது. அண்ணனூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் பிளவுஸ் வேலையும் குறைவாக இருக்கும். ஒரு நாள் மதியம் சும்மா உட்கார்ந்து பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் சிஸ்டர் வந்தார். என்னிடம்தான் பிளவுஸ் தைப்பார், நல்ல பழக்கம். அன்று துணி எதுவும் கொண்டு வரவில்லை. கையில் ஒரு தாள் மட்டும் இருந்தது.

"அக்கா, ஒரு கர்ப்பப்பை தைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார்.

எனக்குக் கைப்பை என்றுதான் காதில் விழுந்தது. "ஜிப்பு வச்சா, வைக்காமலா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் தாளைப் பிரித்துக் காட்டினார். பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த படம். நடுவில் கொய்யாப்பழம் மாதிரி ஒன்று, இரண்டு பக்கமும் குழாய், குழாயின் நுனியில் விரல் விரலாக ஏதோ. பள்ளிக்கூடங்களுக்குப் போய் பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாராம். சுவரில் படத்தை மாட்டினால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்களாம். "கையில வாங்கிப் பார்க்கிற மாதிரி இருந்தா பயம் போயிடும்க்கா. ஒரு பயிற்சியில துணியில செஞ்சு வச்சிருந்தாங்க. உங்க ஞாபகம்தான் வந்தது" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு ஆறு வருடம் முன்பே என் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க பயம். மருந்து, ஊசி எல்லாம் பார்த்துவிட்டு, எடுப்பதுதான் நல்லது என்று சொல்லி எடுத்தார்கள். உயிர் பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு ஒரு கஷ்டம் ஆரம்பித்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, நல்ல மனசோடுதான் சொன்னார், "பாத்து நடந்துக்கோ. இனிமே உள்ள காலியா கீது. குனிஞ்சி நிமுந்தா கொடல் எறங்கிப்பூடும்" என்று.

அந்தக் 'காலி' என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சத்தமாகச் சிரித்தால்கூட கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். தண்ணீர்க் குடம் தூக்குவதை விட்டேன். சொந்தத்தில் வளைகாப்பு என்றால் போவேன், கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்துவிடுவேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. நானாகத்தான் ஒதுங்கினேன்.

என் வீட்டுக்காரர் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஷெட்டில் வேலை செய்கிறார். அதிகம் பேசமாட்டார். ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று, முன்னறையில் மிஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தார். உள் அறையில் நானும் மகளும். தையல் ஆறும் வரைக்கும் என்று நினைத்தேன். ஒரு மாதம் போனது, ஒரு வருடம் போனது, பாய் அங்கேயேதான் இருந்தது. சமையலுக்கு உதவி செய்வார், மாத்திரை வாங்கி வருவார், தண்ணீர் அவரே பிடித்து வைப்பார். ஆனால் பக்கத்தில் வரமாட்டார். நானும் கேட்கவில்லை. எதைக் கேட்பது? நான் பெண்ணாக இல்லாமல் போய்விட்டேன், அவர் அதை வாய்விட்டுச் சொல்லாமல் மரியாதையாக நடந்துகொள்கிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

அப்படிப்பட்ட நான்தான் கர்ப்பப்பை தைக்க உட்கார்ந்தேன்.

சிஸ்டர் கொடுத்த படத்தில் அளவு போடவில்லை. ஒரு குழந்தை பத்து மாதம் படுத்திருந்த இடமாயிற்றே என்று, சிவப்பு வெல்வெட் துணியில் தலையணை அளவுக்கு வெட்டி, பஞ்சை அடைத்துத் தைத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்த சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். என் வலது கையைப் பிடித்து விரல்களை மடக்கினார்.

"இவ்வளவுதான்க்கா. இந்த முஷ்டி அளவு. குழந்தை வளர வளரத்தான் இது விரியும். பிறந்து ஒன்றரை மாசத்துல மறுபடியும் இந்த அளவுக்கே வந்துடும்."

நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வலியும், அத்தனை ரத்தமும், என் மகளும் இந்த ஒரு கைப்பிடியிலிருந்தா வந்தது என்று இருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் பிட்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். பைக்கு மெரூன் வெல்வெட், உள்ளே ரோஸ் சாட்டின் லைனிங். மாதா மாதம் இந்த லைனிங்தான் தடித்து உரிந்து வெளியே வருகிறது என்றார். குழாய்க்கு பைப்பிங் மாதிரி உருட்டித் தைத்தேன். நுனியில் விரல் விரலாக வெட்டிவிட்டேன். சினைப்பை ஒவ்வொன்றும் பாதாம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளைத் துணியில் பஞ்சு வைத்து இரண்டு உருண்டை. எல்லாம் தொங்கிவிடாமல் பிடித்துக்கொள்ளும் தசைநாருக்கு நாடா. கீழே கர்ப்பப்பையின் வாய். அதற்கும் கீழே பிறப்பு வழி. அதற்கு எலாஸ்டிக் வைத்த பிளவுஸ் கை மாதிரி சுருக்கம் வைத்துத் தைத்தேன்.

சிறுநீர் வருவதும் அதே வழிதான் என்று நினைத்து ஒரே ஓட்டையாக வைத்திருந்தேன். "அது வேற வழிக்கா. இதுக்கு முன்னாடி, தனியா, சின்னதா இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளை பெற்றவள் நான். என் உடம்பில் எத்தனை வாசல் என்பதுகூடத் தெரியாமல் நாற்பத்தொரு வருடம் ஓட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நர்சிங் சேர்ந்தப்போ எனக்கும் தெரியாதுக்கா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பேச வைத்தது.

"சிஸ்டர், இதை எடுத்துட்டா, அந்த இடம் காலியாவேதான் இருக்குமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எடுத்துட்டாங்களா?"

தலையாட்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை அவர். தைத்து முடித்திருந்த பொம்மையை என் மடியில் வைத்து, "நடுவுல இருக்கிற பையை மட்டும் பிரிச்சு எடுங்க" என்றார். கத்தரியால் நூலை வெட்டிப் பிரித்தேன். வெல்வெட் பை கையோடு வந்தது. "இப்போ கீழ பிறப்பு வழி திறந்து இருக்குல்ல, அதோட மேல்பக்கத்தை மூடித் தைங்க." தைத்தேன். நாலு தையல், ஒரு முடிச்சு.

"இதுதான்க்கா அவங்க பண்ண ஆபரேஷன். உள்ள காலி இடம்னு ஒண்ணு கிடையாது. குடல் தானா நகர்ந்து வந்து அந்த இடத்துல உட்கார்ந்துக்கும். எதுவும் விழாது."

ஆபரேஷன் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் நாங்கள் யாரும் படித்ததில்லை. அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்துவிட்டு, "கர்ப்பப்பையை மட்டும்தான் எடுத்திருக்காங்க. சினைப்பை ரெண்டும் நல்லா இருக்குன்னு விட்டு வச்சிருக்காங்க. உங்க உடம்புல அது பாட்டுக்கு வேலை செஞ்சிட்டுதான்க்கா இருக்கு" என்றார். எதற்கும் ஒரு முறை டாக்டரிடம் வந்து காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு ரொம்ப நேரம் அந்த வெள்ளை உருண்டைகள் இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டன என்று நான் நினைத்தவை, போகவே இல்லை.

பையை மறுபடி சேர்த்துத் தைத்து முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். சாப்பிட்டு முடித்து பாயை விரிக்க வந்த என் வீட்டுக்காரர் மிஷின் மேல் இருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா இது, பொம்மையா?"

"கர்ப்பப்பை. சிஸ்டர் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டாங்க."

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ சின்னதா கீது? அன்னிக்கு நான் பாத்தது பெருசா இருந்துச்சே."

எனக்குப் புரியவில்லை. "எதைப் பாத்தீங்க? எப்போ?"

அவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷன் நடந்த அன்று தியேட்டர் வாசலில் இவர் ஒருவர்தான் நின்றிருக்கிறார். கதவைத் திறந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"ரெண்டு கையும் சேத்தாதான் அடங்கும், அவ்ளோ பெருசு. ஒரே ரத்தம். என்னால அப்புறம் சோறு துன்ன முடியல."

என் கர்ப்பப்பையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் பார்த்திருக்கிறார். ஆறு வருடமாக அதை மனதிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இன்னானு சொல்றது? அவ்ளோ பெருச அறுத்து எடுத்துகினு போய்ட்டாங்க, உள்ள இவளுக்கு எப்டி ஆறும்னு தோணிச்சி. நீ வேற எந்நேரமும் வயித்தப் புடிச்சிகினே இருந்தே. தூக்கத்துல கை கால் பட்டா இன்னா ஆவுமோன்னு பயம். அதான் இங்க படுத்துகினேன்."

"ஆறு வருசமாவா?"

"இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு யாரும் சொல்லலியே" என்றார்.

நான் வயிற்றைப் பிடித்ததைப் பார்த்து அவர் பயந்திருக்கிறார். அவர் விலகிப் படுத்ததைப் பார்த்து நான் வயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். பெரிதாக இருந்தது கட்டியால்தான் என்று சொன்னேன். சிஸ்டர் காட்டியது மாதிரியே நூலை வெட்டிப் பையைப் பிரித்தேன், மேலே மூடித் தைத்தேன். இதோ இது எனக்கு இருக்கிறது, இதுவும் இருக்கிறது, இது மட்டும்தான் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். ஷெட்டில் ஏதோ ஒரு பாகத்தைச் சரிபார்ப்பது போல அந்தத் தையல் மேல் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கெட்டியா கீதா?"

"கெட்டியா இருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தழும்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். ஆறு வருடத்தில் அன்றுதான் கேட்டார். நான் அவர் கையை எடுத்து வைத்தேன். கனமே இல்லாமல் வைத்திருந்தார், ஏதோ தூங்கும் குழந்தையைத் தொடுவது மாதிரி. டியூஷன் முடிந்து மகள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம்.

அடுத்த வாரம் டாக்டரிடம் காட்டினேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார். வெளியிலேயே நிற்கிறேன் என்றவரை டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு, எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது, சாதாரணமாக இருக்கலாம் என்று அவரிடமும் சொன்னார். அந்த மாதத்தோடு முன்னறையில் படுப்பதை அவர் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பொம்மைகள் தைத்துக் கொடுத்திருக்கிறேன். கொரட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்று இருக்கிறது, நூம்பல் பக்கம் ஒன்று போனது. பையைப் பிரித்து எடுத்துத் திரும்பப் பொருத்துகிற மாதிரி இப்போதெல்லாம் பட்டன் வைத்தே தைக்கிறேன். அது என் யோசனை. பிள்ளைகள் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்களாம். சிஸ்டர் சொல்வார்.

எங்களுக்குள் சண்டை இல்லை, வெறுப்பு இல்லை. ஒருவருக்கொருவர் நோகக் கூடாது என்று நினைத்தே, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தராக ஆறு வருடம் தள்ளிப் படுத்திருந்தோம். கேட்க மனம் இருந்தும், எதை என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று இருவருக்கும் தெரியாமல் போனதை நினைத்தால், இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கும்போது என் கண் கலங்கிவிடுகிறது.